நெடுநாள் உழைக்கும் குழித்தட்டு: செட்டிநாட்டு வீட்டுத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆனி பிறந்ததும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் ஆடிப் பட்டத்துக்கு நாற்று விடத் தொடங்குவார்கள். அப்போது எழும் சந்தேகங்களில் பாதி விதையைப் பற்றியது, பாதி குழித்தட்டைப் பற்றியது. குழித்தட்டு என்றால் குழிக்கு ஒரு விதை போட்டு நாற்று வளர்க்கிற, வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. விதைக்குப் பதில் சொல்ல ஆள் நிறைய உண்டு. தட்டைப் பற்றிக் கேட்டால், "எல்லாம் பிளாஸ்டிக்தானே, எதை வாங்கினா என்ன" என்று முடித்துவிடுகிறார்கள். அதனால் இந்தப் பக்கம் தட்டுக்கு மட்டும். வீட்டுத் தேவைக்கு இரண்டு, நாலு தட்டு வாங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. ஆயிரக்கணக்கில் வாங்கும் நாற்றுப்பண்ணைக் கணக்கு வேறு.

குழித்தட்டு அவசியம்தானா? பாத்தியில் தூவி நாற்று எடுத்தால் ஆகாதா?

ஆகும். காலங்காலமாக அப்படித்தான் எடுத்தார்கள். ஆனால் நம் பக்கத்துச் செம்மண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு மழை பெய்து இரண்டு நாள் வெயில் காய்ந்தால் மேல் மண் ஓடு கட்டிவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற சின்ன விதையின் முளை அதை முட்டிக்கொண்டு வரத் திணறும். வந்தாலும், பிடுங்கி நடும்போது வேர் அறுந்து நாலைந்து நாள் வாடி நிற்கும். குழித்தட்டில் வேரோடு மண்கட்டியும் சேர்ந்து வருவதால் நட்ட மறுநாளே செடி நிமிர்ந்து நிற்கும். பாக்கெட்டில் எண்ணிப் போட்டுத் தருகிற ஒட்டுரக விதைக்கு இது இன்னும் முக்கியம்.

வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி, கீரை வகைகளுக்குத் தட்டே வேண்டாம். நேரே பாத்தியில் போடுங்கள். முள்ளங்கியைத் தட்டில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணல்மாணலாகத்தான் வரும்.

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தட்டில் ஒன்று ஒரே பட்டத்தில் நொறுங்குகிறது, இன்னொன்று வருடக்கணக்கில் வருகிறது. ஏன்?

முதல் காரணம் பிளாஸ்டிக்கின் வகை. கடைகளில் கிடைக்கும் குழித்தட்டுகள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும்: பாலிஸ்டைரீன், பிவிசி, பாலிபுரோப்பிலீன். பாலிஸ்டைரீன் விறைப்பாக நிற்கும், பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் வளைத்தால் அப்பளம் மாதிரி ஒடியும். பிவிசி கொஞ்சம் வளைந்து கொடுக்கும்; வெயிலில் கிடக்கக் கிடக்க நிறம் மங்கி முறுகிப்போகும். பாலிபுரோப்பிலீன் வளைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும். மடக்கி மடக்கித் திறக்கிற டப்பா மூடிகளின் கீல் பகுதியை அதில்தான் செய்கிறார்கள் என்பதிலிருந்தே அதன் பொறுமை தெரியும்.

இரண்டாவது காரணம் வெயில். சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறது. முதலில் பளபளப்பு போகும். அப்புறம் விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும். அதற்கப்புறம் ஒருநாள் தூக்கும்போது மூலை கையோடு வந்துவிடும். பாலிபுரோப்பிலீனும் இதற்கு விலக்கு இல்லை. புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்து சேர்க்காத பாலிபுரோப்பிலீன் வெயிலில் வெகு சீக்கிரம் கெடும். ஆகவே "பிபி தட்டு" என்று மட்டும் கேட்டால் போதாது, "யூவி போட்டதா?" என்றும் கேட்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வெயில் 38 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊரில் இருந்துகொண்டு இந்த ஒரு கேள்வியை விடக்கூடாது.

மூன்றாவது காரணம் நம் கை. தண்ணீர் குடித்த 98 குழித் தட்டு ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். அதை ஒரு முனையில் ஒற்றைக் கையால் பிடித்துத் தூக்கினால் எந்தத் தட்டும் நடுவில் வளையும். தட்டு உடைந்ததாகச் சொல்கிறவர்களை விசாரித்தால் பாதிப் பேர் இப்படித் தூக்கியவர்களாகத்தான் இருப்பார்கள்.

கடையில் நின்றபடியே நல்ல தட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

தட்டின் அடியிலோ விளிம்பிலோ முக்கோணக் குறிக்குள் ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 5 என்றால் பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 3 பிவிசி, 2 என்றால் கெட்டிப் பாலித்தீன். குறியே இல்லாத தட்டுகளும் ஏராளம்.

குறி இல்லாவிட்டால் காதை நம்பலாம். விளிம்பை நகத்தால் சுண்டுங்கள். பாலிஸ்டைரீன் 'டிக்' என்று கணீரென ஒலிக்கும். பாலிபுரோப்பிலீன் மந்தமாக ஒலிக்கும். பிறகு ஒரு மூலையை விரலால் மெதுவாக மடக்குங்கள். வளைந்த இடத்தில் உடனே வெள்ளைக் கோடு விழுந்து அது மறையாமல் நின்றால் அந்தத் தட்டைக் கீழே வைத்துவிடுங்கள். கடைக்காரர் முறைத்தால், "பார்த்துத்தாண்ணே எடுக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

வீட்டில் ஏற்கெனவே உடைந்த தட்டு இருந்தால் அதில் ஒரு துண்டைத் தண்ணீர் வாளியில் போட்டுப் பாருங்கள். பாலிபுரோப்பிலீனும் பாலித்தீனும் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். பாலிஸ்டைரீனும் பிவிசியும் மூழ்கும். துண்டில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் ஏமாற்றும். விரலால் ஒருமுறை அமுக்கி விட்டுவிட்டுப் பாருங்கள். முன்பு வாங்கியது என்ன வகை, எத்தனை நாள் வந்தது என்று இதில் தெரிந்துவிடும்.

"1 மில்லிமீட்டர் கனம்" என்று போட்டிருந்தது. குழியின் அடி மட்டும் ஏன் மெல்லிசாக இருக்கிறது?

அதில் பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. மலிவான குழித்தட்டுகளைச் செய்யும் முறை இது: பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, அச்சின் மேல் விரித்து, காற்றை உறிஞ்சிக் குழிகளுக்குள் இழுப்பார்கள். மேலே விளிம்பில் தாள் அதே கனத்தில் நிற்கும். குழிக்குள் இறங்க இறங்க இழுபட்டு மெலியும். அடி மூலைகளில்தான் எல்லாவற்றையும்விட மெல்லிசாகும். அட்டையில் போட்டிருப்பது சூடாக்குவதற்கு முன் இருந்த தாளின் கனம். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு மெலிவு.

தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இது கண்ணுக்கே தெரியும். கறுப்புத் தட்டிலும் அடி மூலைகள் பழுப்பாக ஒளிவிட்டால் அங்கே கனம் இல்லை என்று அர்த்தம். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் தட்டுகளும் உண்டு. அவற்றில் கனம் எல்லா இடத்திலும் சீராக இருக்கும், விளிம்பில் முட்டுக்கொடுத்த வரம்புகள் இருக்கும், கையில் எடுத்தாலே கெட்டியாகத் தெரியும். விலை பல மடங்கு. 20, 30 ரூபாய்த் தட்டோடு அதை ஒப்பிட்டால் மலைப்பாக இருக்கும்தான். ஆனால் வீட்டுக்கு வேண்டியது இரண்டு தட்டு. வருடத்துக்கு ஆடி, தை என்று இரண்டு பட்டம் வைத்து, எத்தனை வருடம் உழைக்கும் என்று வகுத்துப் பார்த்தால் மலைப்பு குறையும்.

எத்தனை குழி உள்ள தட்டு வாங்கலாம்?

பொதுவாகக் கிடைக்கும் தட்டு ஏறக்குறைய 54 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் அகலம். அதே அளவுக்குள்தான் 50, 98, 104, 128 என்று குழிகளை அடைக்கிறார்கள். எண்ணிக்கை கூடக் கூடக் குழி சிறுக்கும். விவசாயிகளிடம் அதிகம் புழங்குவது 98. தக்காளி, மிளகாய், கத்தரி, காலிஃபிளவர் எல்லாவற்றுக்கும் அதுவே பரிந்துரை.

வீட்டுக்கு என் கட்சி 50 குழிதான். ஒரு குடும்பத்துக்குப் பத்துத் தக்காளி, பத்து மிளகாய், எட்டுக் கத்தரி, நாலு புடலை, நாலு பாகல் போதும். தட்டு நிறைந்தும் நிறையாமலும் முடிந்துவிடும். 98 குழியில் விதைத்துவிட்டு மீதி நாற்றை யார் தலையில் கட்டுவது என்று தெருத்தெருவாகக் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு லாபம்: பெரிய குழி சீக்கிரம் காயாது. ஆடிக் காற்றில் 98 குழித் தட்டு காலையில் ஊற்றிய தண்ணீரை மதியத்துக்குள் இழந்துவிடும். 50 குழி மாலைவரை தாங்கும். நடுவதற்கு மழை தள்ளிப்போனாலும் நாற்று ஒரு வாரம் கூடுதலாகப் பொறுத்திருக்கும்.

சுரை, பூசணி, புடலை, பீர்க்கு போன்ற கொடிகளுக்கு 98 குழி கூடவே கூடாது. அவற்றின் விதையே பெரிசு, வேரும் வேகமாக ஓடும். 50 குழியில் போட்டு 12 முதல் 15 நாளில் நட்டுவிட வேண்டும். தக்காளி 25 நாள், கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 35 முதல் 40 நாள் தட்டில் இருக்கலாம். மிளகாய்தான் தட்டை நீண்ட நாள் பிடித்துவைக்கும் பயிர். நல்ல தட்டு ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை மிளகாய்க்குக் கொடுங்கள்.

கறுப்பா, வெள்ளையா?

உழைப்புக்குக் கறுப்பு. கரித்தூள் சேர்ந்த பிளாஸ்டிக் புற ஊதாக் கதிரைத் தானே வாங்கிக்கொண்டு உள்ளே விடாமல் தடுக்கும். குழிக்குள் வெளிச்சம் போகாததால் பாசியும் பிடிக்காது. ஆனால் நேர் வெயிலில் கறுப்பு கொதிக்கும், ஓரக் குழிகளில் வேர் வெந்துபோகும். ஆகவே கறுப்புத் தட்டு வாங்குகிறவர்கள் 50 சதவீத நிழல்வலைக்கும் சேர்த்துக் காசு எடுத்துவைக்க வேண்டும். வலை நாற்றையும் காப்பாற்றும், தட்டையும் காப்பாற்றும்.

அடித் துளை எப்படி இருக்க வேண்டும்?

சுண்டுவிரல் நுனி, குறைந்தது ஒரு பென்சில், நுழையும் அளவு. துளை சின்னதாக இருந்தால், மண்ணுக்குப் பதிலாகக் குழியில் நிரப்பும் தென்னை நார்க்கழிவு அடைத்துத் தண்ணீர் தேங்கும். நாற்றழுகல் நோய்க்கு அது போதும். தவிர, நாற்றை எடுக்கும்போது தண்டைப் பிடித்து இழுக்காமல் அடியிலிருந்து பென்சிலால் தள்ள வேண்டும். அதற்கும் இந்தத் துளைதான் வழி. துளை போதாமல் குழியைப் பிதுக்கிப் பிதுக்கி எடுப்பதில் தட்டின் ஆயுள் பாதி போய்விடும்.

குழியின் உள்சுவரில் மேலிருந்து கீழாக வரம்புகள் இருந்தால் நல்லது. வேர் வட்டமடிக்காமல் கீழ்நோக்கி இறங்கும். தட்டைத் தரையில் அப்படியே வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் பலகையோ கம்பி வலையோ போட்டு அதில் வைத்தால், துளையில் தலைகாட்டும் வேர்நுனி காற்றுப்பட்டுக் காய்ந்து, உள்ளேயே பக்கவேர்கள் பெருகும். தரையில் வைத்த தட்டில் வேர் மண்ணுக்குள் இறங்கிவிடும். அதைப் பிய்த்தெடுக்கும்போது தட்டுக்கும் சேதம், நாற்றுக்கும் சேதம்.

எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்து வளர்க்கலாமா?

தாராளமாக. நாலு பக்கமும் தாழ்வாரம் சூழ்ந்த முற்றத்தில் காற்று அடங்கியிருக்கும், வெளிச்சம் மேலிருந்து வரும். நாற்றுக்கு இதைவிட நல்ல இடம் கொல்லையில்கூடக் கிடைக்காது. ஆனால் எந்த ஓரத்தில் வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 10 டிகிரியில் இருக்கிறது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் முற்றத்தின் வடக்கு ஓரத்தில் வெயில் விழும், தெற்கு ஓரம் நிழலில் கிடக்கும். ஆனியில் உச்சி வெயில் கொஞ்சம் வடக்கிலிருந்து இறங்குவதால் நிலைமை மாறும். தெற்கு ஓரத்துக்கும் நல்ல வெளிச்சம் வரும். தைப் பட்டத்து நாற்றைத் தெற்கு ஓரத்தில் வைத்துவிட்டு, வெளிறி நூல்நூலாக நீண்டுவிட்டது என்று விதையைக் குறைசொல்வதை நிறையப் பார்க்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டுச் சரிவிலிருந்து மழைத்தண்ணீர் மொத்தமும் முற்றத்துக்குள்தான் கொட்டும். அந்தத் தாரைக்குக் கீழே தட்டு இருந்தால் குழியில் ஒன்றும் மிஞ்சாது. மழை நாட்களில் தாழ்வாரத்துக்கு உள்ளே ஓரடி தள்ளி வைத்துவிடுங்கள்.

ஆத்தங்குடி தரையில் பழுப்புக் கறை பிடித்துவிட்டதே?

தென்னை நார்க்கழிவு கசியவிடும் சாயம் அது. ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டில் செய்தது, கறையை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் தேங்காய் எண்ணெய் போட்டு எத்தனை முறை துடைத்தாலும் நிழலாகத் தெரியும். ஆச்சியிடம் வாங்கிக்கட்டிக் கொள்வதற்கு முன் ஒரு அடித்தட்டு வாங்கிவிடுங்கள்.

அடித்தட்டு என்பது துளையில்லாத கெட்டித் தட்டு, குழித்தட்டு அதற்குள் உட்காரும். எனக்குக் கேட்டால், குழித்தட்டைவிட இதற்குத்தான் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். ஒரு நல்ல அடித்தட்டு இருந்தால் மெல்லிய குழித்தட்டுகூட இரண்டு மூன்று பட்டம் ஓடிவிடும். தூக்கும்போது பாரம் முழுவதையும் அது ஏந்திக்கொள்ளும், குழித்தட்டு வளையவே வளையாது.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பழைய வீடுகளில் பரணில் கிடக்கும் இனாமல் தாம்பாளங்களில் ஓரம் பெயர்ந்து சமையலுக்கு ஆகாமல் போனவை இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் பார்க்கலாம். வெயிலுக்கு அசையாது, வளையாது. பெயர்ந்த இடத்தில் துரு ஏறும், அவ்வளவுதான். பூப்போட்ட நல்ல தாம்பாளத்தை மட்டும் இதற்கு எடுத்துவிடாதீர்கள். அது சீர் சாமானாக இருக்கப்போகிறது.

ஒரு தட்டுக்கு நார்க்கழிவு எவ்வளவு வேண்டும்? மண் கலக்கலாமா?

98 குழித் தட்டுக்கு ஈரமான நார்க்கழிவு ஏறக்குறைய 1.2 கிலோ பிடிக்கும் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. கடையில் விற்கும் 650 கிராம் கட்டி தண்ணீரில் ஊறினால் எட்டு, ஒன்பது லிட்டராகும்; மூன்று தட்டு நிரப்பலாம். 5 கிலோக் கட்டி வீட்டுக்கு அதிகம்.

கட்டியை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னும் இரண்டு முறை அலசுங்கள். உப்பும் சாயமும் போகும். உப்பு ஏறிய போர் தண்ணீரில் அலசினால் பயன் இல்லை. மழைநீரோ குடிதண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். அலசிய நார்க்கழிவோடு மூன்றுக்கு ஒரு பங்கு சலித்த மண்புழு உரம், ஒரு பிடி வேப்பம்புண்ணாக்குத் தூள் போதும். டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் கிடைத்தால் ஒரு தேக்கரண்டி கலக்கலாம், நாற்றழுகல் குறையும். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துப் பக்கம் போகிறவர்கள் அங்கே விசாரித்துப் பாருங்கள்.

மண் வேண்டாம். செம்மண் குழிக்குள் இறுகிப்போகும், கனமும் கூடும். கனம் கூடினால் தட்டு தாங்காது.

விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி மூடிவைக்கச் சொல்கிறார்களே, தட்டு நசுங்காதா?

நாற்றுப்பண்ணைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடினால் ஈரமும் வெதுவெதுப்பும் நின்று எல்லா விதையும் ஒரே சமயத்தில் முளைக்கும். வீட்டில் மூன்று தட்டுக்கு மேல் அடுக்காதீர்கள். மெல்லிய தட்டு என்றால் மேல் தட்டின் குழி கீழ்த் தட்டின் குழிக்குள் இறங்கி விதையை அழுத்தும். நடுவில் இரண்டு பட்டைக் குச்சி வைத்துவிட்டால் சரி. மூன்றாம் நாளிலிருந்து தினமும் திறந்து பாருங்கள். முளை தெரிந்த அன்றே பிரித்து வெளிச்சத்தில் வைக்க வேண்டும். தக்காளி முந்திக்கொள்ளும், மிளகாயும் கத்தரியும் ஒரு வாரம், சில சமயம் பத்து நாள்கூட இழுக்கும்.

பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று நினைக்கிறேன். வேறு என்ன இருக்கிறது?

கொட்டாங்கச்சி. கண்ணைக் குத்திவிட்டால் துளை தயார். வருடக்கணக்கில் மக்காது, காசும் இல்லை. உருண்டு சாயாமல் இருக்க மணல் பரப்பிய பெட்டிக்குள் வரிசையாக ஊன்றி வைக்கலாம். கொடி வகைகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். நடும்போது தட்டிக் கவிழ்த்தால் மண்கட்டி முழுதாக வந்துவிடும்.

டீக்கடைக் காகிதக் கப்பை நம்ப வேண்டாம். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், வேர் துளைத்துப் போகாது. கப்போடு மண்ணில் புதைத்தால் செடி கட்டுண்டு நிற்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருட்களில் இந்தப் பூச்சுக் கப்பும் ஒன்று. முட்டை அட்டை முளைக்க வைக்க உதவும். இரண்டாம் வாரத்தில் தொட்டாலே கரையும். நார்க்கழிவில் செய்த கப் நல்லதுதான், ஆனால் ஒருமுறைச் சாமான். உழைப்பைப் பற்றிய பேச்சில் அதற்கு இடமில்லை.

பனையோலைக் கொட்டானில் விதைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். புவிசார் குறியீடு வாங்கிய செட்டிநாட்டுக் கொட்டானில் மண்ணைக் கொட்ட மனசு வருமா? ஓலை ஈரத்தில் பூஞ்சை பிடித்து அழுகும் என்பது இரண்டாவது காரணம்.

பட்டம் முடிந்ததும் எப்படிக் கழுவுவது?

ஒட்டியிருக்கும் நார்க்கழிவைக் காயவிட்டு உதறிவிட்டு, பழைய பல்தேய்க்கும் பிரஷால் குழிக்குக் குழி தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் மூழ்கவைத்து, நல்ல தண்ணீரில் அலசினால் போன பட்டத்துப் பூஞ்சை இந்தப் பட்டத்துக்கு வராது. போர் தண்ணீரால் வெள்ளையாகப் படிந்த உப்புக்குப் புளிக்கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தால் விடும். புளிக்கரைசலையும் பிளீச்சையும் ஒரே வாளியில் மட்டும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். ஒன்றை முடித்து நன்றாக அலசிய பிறகே மற்றொன்று.

கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவது வேண்டாம். பாலிபுரோப்பிலீன் தாங்கும், பிவிசி தட்டு நெளிந்து போகும்.

அடுத்த பட்டம்வரை எங்கே வைப்பது?

மொட்டை மாடியைத் தவிர எங்கே வேண்டுமானாலும். தட்டுகள் சாவது நாற்று வளரும் நாட்களில் இல்லை. நாற்றெல்லாம் நட்டு முடித்தபிறகு சும்மா வெயிலில் கிடக்கும் நாட்களில்தான். தையில் விதைத்த தட்டை மாசியில் காலி செய்து மாடிப்படிக்கு அருகே போட்டுவிட்டு ஆனியில் தேடிப் போனால், பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாத வெயிலும் அதன் மேல்தான் இறங்கியிருக்கும்.

இரண்டாம் கட்டில் இருட்டான ஒரு மூலை போதும். நன்றாகக் காய்ந்தபின், ஒரே வகைத் தட்டுகளை மட்டும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, இடையில் செய்தித்தாள் போட்டு வையுங்கள். தாள் இல்லாவிட்டால் இறுகிக்கொள்ளும். பிரிக்கும்போது இழுத்துக் கிழிப்பார்கள். இறுகிவிட்டால் இடுக்கில் தண்ணீர் விட்டு ஆட்டினால் கழன்று வரும். செருகிய அடுக்கின் மேல் அரிசி மூட்டையை ஏற்றாதீர்கள். விதை ஒட்டிக்கொண்டிருந்தால் எலி தேடிவந்து கடிக்கும், அதனால் கழுவாமல் வைக்கக் கூடாது.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். ஊர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். என்ன ஏற்பாடு செய்யலாம்?

வேலையை எளிதாக்கிக் கொடுப்பதுதான் ஏற்பாடு. அடித்தட்டில் பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் குழித்தட்டை வையுங்கள். காலையில் ஒரு செம்புத் தண்ணீரை அடித்தட்டில் ஊற்றினால் துணி இழுத்துக் குழிகளுக்குக் கொடுத்துவிடும். அரைமணி கழித்தும் தேங்கி நிற்கும் தண்ணீரைச் சாய்த்துவிட வேண்டும். பூவாளி, குழாய் எதுவும் தேவையில்லை, விதையும் தெறிக்காது. "தட்டைத் தூக்கவே வேணாம்ணே, ஓரத்துல ஊத்துனா போதும்" என்று சொல்லி வைத்தால் தட்டும் பிழைக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு 50 குழித் தட்டுதான் சரி. திருவிழாவுக்கு வரும்போது நடவேண்டும் என்றால் வருகிற தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, தக்காளிக்கு 25 நாள், மிளகாய்க்கு 40 நாள் முன்னால் விதைக்கச் சொல்லுங்கள்.

மயிலும் அணிலும் விடுவதில்லையே?

மயில் தட்டையே காலால் கிளறிக் கவிழ்த்துவிடும். மெல்லிய தட்டு அதோடு சரி. முற்றத்துக்கு மேல் கம்பி போட்ட வீடுகளுக்குக் கவலை இல்லை. கொல்லையில் வைப்பவர்கள் நிழல்வலையைக் கூடாரம் மாதிரி இழுத்து, ஓரங்களைக் கல் வைத்து அழுத்திவிடுங்கள். அணிலுக்கு விதைதான் குறி, முளைத்தபின் அவ்வளவாக வராது. அதுவரை மேலே ஒரு கொசுவலைத் துண்டு போதும்.

விரிசல் விட்ட தட்டை என்ன செய்வது?

விளிம்பில் மட்டும் விரிசல் என்றால் அடித்தட்டுக்குள் வைத்துப் பயன்படுத்திக்கொண்டே இருக்கலாம். நடுவில் ஒடிந்தால் கத்தரிக்கோலால் வெட்டிப் பத்துப் பத்துக் குழிகளாகப் பிரித்து வையுங்கள். வகைக்கு ஒரு துண்டு என்று விதைக்க அது முழுத் தட்டைவிட வசதி. மிளகாயைத் தட்டில் விட்டுவிட்டுத் தக்காளித் துண்டை மட்டும் நடுவதற்கு எடுத்துப் போகலாம். பாலிபுரோப்பிலீனைப் பசை போட்டு ஒட்ட முயல வேண்டாம், சாதாரணப் பசை எதுவும் அதில் பிடிக்காது. தேய்த்தால் மாவு உதிரும் நிலைக்கு வந்துவிட்ட தட்டைத் தோட்டத்தில் வைத்திருக்கக் கூடாது. நொறுங்கிய துகள் மண்ணில் கலந்தால் பொறுக்கி எடுக்க முடியாது. அந்த நிலைக்கு வருமுன்பே, முழுசாக இருக்கும்போதே பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுங்கள். அடியில் 5 என்ற எண் இருந்தால் காட்டிச் சொல்லுங்கள், தனியாகப் பிரித்துக்கொள்வார்.